விண்டோஸ் 11-க்கு மாறலாமா? ஆமாம் என்று அமுக்குவதற்கு முன்னால்

சிவகாசியில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். என்னிடம் வருவதில் பாதி அச்சகத்துக்காரர்களின் மெஷின். மீதி ஆடிட்டர் ஆபீஸ், வீடு, காலேஜ் பிள்ளைகள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்தியதிலிருந்து எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: "தம்பி, 11-க்கு மாத்தச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்கு. ஆமான்னு குடுத்துரவா?"

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "அண்ணாச்சி, இந்த லேப்டாப்ல எது ஓடலைன்னா நாளைக்குக் கடையைத் திறக்க முடியாது?" ஒருவருக்கு அது தமிழ் ஃபான்ட் சாஃப்ட்வேரின் டாங்கிள், அதாவது செருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும் பூட்டுச் சாவி. இன்னொருவருக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். சிலருக்குப் பழைய லேசர் பிரிண்டர். பல வீடுகளில் அப்படி ஒன்றுமே இருக்காது. குரோம், வாட்ஸப், யூடியூப், அவ்வளவுதான். அந்தப் பதிலிலேயே முக்கால்வாசி முடிவு வந்துவிடும். ஸ்டார்ட் மெனு நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம் பேச வேண்டிய சங்கதி. அதை செட்டிங்ஸில் இடது பக்கம் தள்ளியும் வைத்துக்கொள்ளலாம்.

சப்போர்ட் முடிந்தது என்றால் மெஷின் நின்றுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். நிற்காது. நேற்று ஓடியது இன்றும் ஓடும். ஆனால் கடைசிப் பகுதியில் சொல்லும் நீட்டிப்புத் திட்டத்தில் சேராவிட்டால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை இனி யாரும் அடைத்துத் தர மாட்டார்கள். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய, ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வான்னாகிரை வைரஸ் உதாரணம். அந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள், போடாதவர்களின் ஃபைல்கள் பூட்டப்பட்டன. 2014-லேயே சப்போர்ட் முடிந்துபோன பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகுதான் அவசர அப்டேட் வந்தது.

"ஆன்டிவைரஸ் இருக்கே" என்பார்கள். விண்டோஸ் 10-இல் கூடவே வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் கொல்லைச் சுவர் இடிந்து கிடக்கும்போது வாசலில் காவலுக்கு ஆள் போட்ட கதை அது.

பிரவுசர்கள் உடனே கைவிடாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் சப்போர்ட் முடிந்தது. குரோம் அதற்குப் பிறகும் மூன்று வருஷம் போல ஓடி, 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. ஆக, அவகாசம் இருக்கிறது, ஆனால் அது முடிகிற அவகாசம். அதற்குள் யோசித்து முடிவெடுக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கிரீனில் வந்த நீலப் பெட்டியைப் பார்த்துப் பதறி எதையும் அமுக்க வேண்டியதில்லை.

பிராசசர் பெயரைப் படியுங்கள்

முதல் வடிகட்டி உங்கள் கையில் இல்லை, பிராசசரில் இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்று போனால் பிராசசர் பெயர் முழுதாகத் தெரியும். ஐ5-8250யு என்றிருந்தால், கோட்டுக்கு அப்புறம் வரும் 8 தான் தலைமுறை. ஐ5-7200யு என்றால் ஏழு. ஐ5-10210யு, ஐ5-1135ஜி7 மாதிரி இருந்தால் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: பத்து, பதினொன்று.

வாங்கிய வருஷத்தை நம்பாதீர்கள். "2018 தீபாவளிக்கு வாங்கினது தம்பி, புதுசுதான்" என்று ஒருவர் கொண்டுவந்து வைப்பார். திறந்து பார்த்தால் ஐ3-7020யு. 2018-இல் சந்தைக்கு வந்ததுதான், ஆனால் ஏழாம் தலைமுறை, 11-க்கு ஆகாது. அதே வருஷம் வந்த ஐ3-8130யு தாராளமாக ஆகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. ஐந்து, ஆறாம் தலைமுறைக்காரர்களும், தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் 2011-லிருந்து முதல் சில வருஷங்களில் வாங்கியவர்களும் இந்தக் கேள்வியைத் தாண்டி, கடைசிப் பகுதிக்கே போய்விடலாம்.

ஏஎம்டி என்றால் எண்ணை வைத்து ஊகிப்பது கஷ்டம். மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்ப்பதுதான் சரி. அது ஆகும், ஆகாது என்று சொல்வதோடு, ஆகாது என்றால் ஏன் என்றும் சொல்லும். அந்த 'ஏன்' தான் முக்கியம். காரணம் பிராசசர் என்றால் கதை முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று வந்தால் உடனே சோர்ந்துவிடாதீர்கள். எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட மெஷினில் அது கிட்டத்தட்ட எப்போதும் உள்ளேயே இருக்கும். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வரும் மெஷின் செட்டிங்ஸில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் மெஷினில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் போட்டிருக்கும். ஆன் செய்தால் போதும்.

ஆனால் பயாஸில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை. டிஸ்கைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்க்ரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் செட்டிங்ஸில் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் ஒன்று இருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் சேமித்து இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயாஸுக்குப் போங்கள். அந்த எண் இல்லாமல் பூட்டிக்கொண்ட டிஸ்கை நானும் திறக்க முடியாது, வேறு யாரும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பவும் வேண்டாம்.

இன்னொன்றும் அதே அபௌட் பக்கத்தில் இருக்கிறது. சிஸ்டம் டைப் என்ற இடத்தில் 32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தால், ஃபைல்களை அப்படியே வைத்துக்கொண்டு 11-க்குப் போக வழியில்லை. 11 என்பது 64-பிட் மட்டும்தான். ஃபார்மட் செய்து புதிதாகத்தான் போட வேண்டும். அதற்கான பிரிண்டர், ஸ்கேனர் டிரைவரும் 64-பிட்டாகத் தேட வேண்டும்.

சரி, எல்லாம் தேறிவிட்டது. நான்கு ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். சட்டப்படி 11 ஏறும், ஏனென்றால் குறைந்தபட்சம் கேட்பதே நான்கு ஜிபி ராமும் 64 ஜிபி இடமும்தான். போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரலாம், வந்த பிறகும் டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ராமை எட்டாக்கினால் அதே லேப்டாப் வேறு மாதிரி இருக்கும். என் வாடிக்கையாளர்களில் பலருக்கு, ஓஎஸ் மாற்றுவதை விட இதுதான் உண்மையான அப்கிரேடு. ராம் பலகையிலேயே ஒட்டிய மாடல்களில் அது முடியாது. அந்த மெஷினை 10-லேயே விட்டு, மெதுவாக வேறு வாங்கத் திட்டமிடுவது மேல்.

டாங்கிள், ஃபான்ட், டோக்கன், பிரிண்டர்

இங்கேதான் நிதானம் வேண்டும். வீட்டு மெஷினாக இருந்தால் இதைத் தாண்டிப் போய்விடலாம். கடை மெஷின் என்றால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள்.

கல்யாணப் பத்திரிகை, காலண்டர், நோட்டீஸ் அடிக்கும் டிடிபிக்காரர்களிடம் பக்கம் வடிவமைக்கும் பழைய சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர் இன்னும் இருக்கிறது. கோரல்டிராவில் பல வருஷத்து பழைய பதிப்பு இருக்கிறது. யுனிகோடுக்கு முந்திய தமிழ் ஃபான்ட்களில் செய்த ஆயிரக்கணக்கான ஃபைல்கள் இருக்கின்றன. போன வருஷம் அடித்த பத்திரிகையில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி இந்த வருஷம் அடிப்பதுதான் பிழைப்பே. அந்த ஃபான்ட் போனால் பழைய ஃபைல் எல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியும். அதனால் மாறுவதற்கு முன்னால் சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் போல்டரை முழுசாகப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். திரும்பப் போடும்போது ஃபான்ட்டை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுக்காதீர்கள். அப்படிப் போட்டால் அந்த ஒரு யூசருக்கு மட்டும் ஏறும். பழைய சாஃப்ட்வேர்களின் ஃபான்ட் லிஸ்டில் வராமல் போகலாம். ரைட் கிளிக் செய்து, எல்லா யூசர்களுக்கும் இன்ஸ்டால் செய் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 11-இல் ரைட் கிளிக் மெனு சுருங்கி வரும். ஷோ மோர் ஆப்ஷன்ஸ் அமுக்கினால் பழைய நீள மெனு கிடைக்கும்.

தமிழ் டைப்பிங்கைப் பொறுத்தவரை தமிழ்99 கீபோர்டு முறையில் அடிப்பவர்களுக்குக் கவலையில்லை, விண்டோஸிலேயே இருக்கிறது. பழைய டைப்ரைட்டர் முறையில் கை பழகியவர்கள் தங்கள் சாஃப்ட்வேர் 11-இல் ஓடுகிறதா என்று விற்றவரிடம் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாங்கிளில் வரும் சிக்கல் வேறு விதம். சாஃப்ட்வேர் திறக்கும், ஆனால் பூட்டுச் சாவி செருகப்படவில்லை என்று சொல்லும். டாங்கிள் செருகித்தான் இருக்கும், விளக்கும் எரியும். பழைய டிரைவரை விண்டோஸ் உள்ளே விடுவதில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். இதை 10-இல் இருக்கும்போதே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் விவரத்துக்குள் போங்கள். மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்து பாருங்கள். பொருந்தாத டிரைவர்கள் இருந்தால் ஆன் ஆகாமல் அவற்றின் பெயர்ப் பட்டியலைக் காட்டும். அதில் உங்கள் டாங்கிளின் டிரைவர் இருந்தால், புது டிரைவர் கிடைக்கும்வரை பொறுங்கள். ஃபைல்களோடு மேலே அப்கிரேடு செய்தால் இந்த சுவிட்ச் பெரும்பாலும் பழைய நிலையிலேயே இருக்கும். ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டால் தானாக ஆன் ஆகி வரும் வாய்ப்பு அதிகம். நேற்று வரை வேலை செய்தது ஃபார்மட்டுக்குப் பிறகு செய்யாமல் போவதன் ரகசியம் பல நேரம் இதுதான்.

ஆடிட்டர் ஆபீஸ்களில் யுஎஸ்பி டோக்கன். அதன் டிரைவர் சிடியோ லிங்க்கோ எங்கே என்று முதலிலேயே தேடி எடுத்து வையுங்கள், பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கிறதா என்று பாருங்கள். பலமுறை தப்பாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும் பழைய சைட் ஏதாவது பயன்படுத்துகிறீர்களா? 11-இல் எக்ஸ்ப்ளோரர் தனியாகக் கிடையாது. எட்ஜ் பிரவுசருக்குள் ஐஈ மோட் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்து, அந்த சைட் முகவரியைச் சேர்த்து, 10-லேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

பிரிண்டருக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனி சைட்டில் மாடல் எண்ணைப் போட்டு விண்டோஸ் 11 அல்லது 64-பிட் விண்டோஸ் 10 டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலிலேயே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது செய்வது

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து மார்கழி வரை எந்த அச்சகத்திலும் ஓஎஸ்ஸைத் தொட நான் சம்மதிப்பதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் சரி. ஜிஎஸ்டி பார்ப்பவர்கள் ரிட்டர்ன் கெடு வரும் 11, 20 தேதிகளைத் தாண்டிக்கொள்ளுங்கள். 21-ஆம் தேதி நல்ல நாள். பிள்ளைகள் பரீட்சை முடிந்த பிறகு.

இன்னும் ஒரு காரணத்துக்காகவும் வேலை குறைந்த நேரம் வேண்டும். மேலே அப்கிரேடு செய்தால், பிடிக்கவில்லை என்றால் பழைய 10-க்கே திரும்ப 10 நாள் தருகிறார்கள். செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்தில் கோ பேக் என்று பட்டன் இருக்கும். அந்த 10 நாளும் சோதனைக் காலம். ஒரு பழைய பத்திரிகை ஃபைலைத் திறந்து பிரிண்ட் எடுங்கள். கலர் முன்பு மாதிரி வருகிறதா என்று பழைய பிரதியோடு வைத்துப் பாருங்கள், டிஸ்பிளே டிரைவர் மாறியிருக்கும். டோக்கன் செருகி ஒரு கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் வைஃபை, வெப்கேம், ப்ளூடூத் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். சி டிரைவ் நிறைந்துவிட்டதே என்று விண்டோஸ்.ஓல்டு போல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள். திரும்பிப் போகும் பாதை அதுதான்.

செய்வது எப்படி

முதலில் பேக்கப். டெஸ்க்டாப்பில் கிடப்பதையும் சேர்த்து, வெளி ஹார்ட் டிஸ்கில், கேபிளைக் கழற்றி வைக்கிற மாதிரி. சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக வையுங்கள். சார்ஜர் செருகி இருக்க வேண்டும். கரன்ட் அடிக்கடி போகிற பகுதியில் பேட்டரி செத்த லேப்டாப்பை யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

ஒரிஜினல் விண்டோஸ் 10 இருப்பவர்களுக்கு 11 இலவசம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வரும். வரவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் சைட்டில் உள்ள இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட் போதும். ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்று யாராவது பென்டிரைவில் ஒரு கிராக் ஃபைலோடு வந்தால் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற மெஷினில் யார் எழுதியது என்றே தெரியாத புரோகிராமை, அதுவும் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டுவதற்கு, விண்டோஸ் 10-லேயே இருந்துவிட்டுப் போகலாம்.

11 ஏறியதும், மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்ட்ரைவ் உங்கள் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் இரண்டையும் நெட்டில் ஏற்றத் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இலவச இடம் 5 ஜிபிதான். பத்திரிகை ஃபைல்கள் ஒரே நாளில் அதை நிரப்பி, இடம் இல்லை என்று கத்த ஆரம்பிக்கும். வேண்டாம் என்றால் ஒன்ட்ரைவ் செட்டிங்ஸில் போல்டர் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்தியதும் ஃபைல்கள் காணாமல் போனது போலத் தோன்றும். ஒன்ட்ரைவ் போல்டருக்குள் இருக்கும், பதறாமல் எடுத்துக்கொள்ளலாம்.

தேறாத மெஷினை என்ன செய்வது

உங்களுடையது 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 என்றால், மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரச் சொல்லி லிங்க் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. இல்லையென்றால் 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பாயின்ட் அல்லது 30 டாலர். அது தீர்வு என்று நினைக்காதீர்கள், யோசிக்கக் கிடைத்த கூடுதல் நேரம்.

தகுதி இல்லாத மெஷினிலும் சோதனையை ஏமாற்றி 11-ஐ ஏற்ற வழிகள் உண்டு. யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. எனக்கும் செய்யத் தெரியும். வீட்டில் சும்மா கிடக்கிற மெஷினில் ஆசைக்குச் செய்து பாருங்கள். சம்பாதிக்கிற மெஷினில் செய்து தர மாட்டேன். அப்படிப் போட்டதற்கு அப்டேட் உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. வருஷா வருஷம் வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து தள்ள வேண்டும். அந்த யாராவது நானாகத்தான் இருப்பேன், அதுவும் காலண்டர் சீசனில்தான் கூப்பிடுவார்கள்.

அச்சகத்துக்கு நான் சொல்வது வேறு. பேஜ்மேக்கரும் டாங்கிளும் உள்ள பழைய மெஷினை அப்படியே 10-இல் வைத்து, நெட்டைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபையை மறந்துவிடச் சொல்லுங்கள். மெயில், வாட்ஸப், பேங்க் எல்லாம் வேறு லேப்டாப்பிலோ போனிலோ. ஃபைல் கொண்டுபோக ஒரே ஒரு பென்டிரைவ், அதைப் புது மெஷினில் ஸ்கேன் செய்த பிறகே பழையதில் செருகுவது. கஸ்டமர் கொண்டுவரும் பென்டிரைவை நேராக அதில் செருகவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் ஆபரேட்டர் பையனோடு சண்டை போட்டாலும் தப்பில்லை.

வீட்டில் பெரியவர்கள் யூடியூபும் செய்தியும் பார்க்கிற மெஷின் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டுக் கொடுக்கிறேன். நான்கு ஜிபி ராமிலும் எஸ்எஸ்டி இருந்தால் சமாளிக்கும், தமிழ் நன்றாகத் தெரியும், ஸ்டார்ட் மெனு விண்டோஸ் 7 மாதிரியே இடது ஓரத்தில் இருக்கும். போடுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டலாம், டிஸ்கில் எதையும் அழிக்காமல். வைஃபையும் சவுண்டும் வேலை செய்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிரிண்டர் பழையதாக இருந்தால் அதையும் அப்போதே செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். அடிக்கவில்லை என்றால், போடுவதற்கு முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.